செல்வி வீட்டுக்கு எழுதிய சீட்டுகள்

12.8.1981, புதன்

ஐந்தாம் வகுப்புச் செல்வியின் வீட்டுக்கு இதுவரை ஐந்தாறு சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். எல்லாமே புகார்தான். இன்று அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை முடிந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். நீங்க எழுதி விடுதத இவதான் வாசிச்சுக் காட்டுதா. எம்மவள இம்புட்டு மெச்சி எழுதுதீங்களே, நீங்க நல்லா இருக்கணும்."

பக்கத்தில் நின்ற செல்வி தலை நிமிரவில்லை.

"நல்ல பிள்ளைதாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் போன பிறகும் அவளைத் திட்ட வாய் வரவில்லை. அவள் தானாகச் சேர்த்து வாசித்த பாராட்டில் ஒரு வார்த்தையாவது நான் எழுதியிருக்கக் கூடாதா? வெட்கமாக இருக்கிறது. இப்போதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஜூன் மாதத்திலிருந்து தினமும் என் முன்னால்தான் இருக்கிறாள். அவளைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.