எட்டால் வகுத்த நேரம்

இன்று காலை நம் சர்வர் அறைக்குப் புது இன்டர்நெட் லைன் இழுத்தார்கள். சுவரைத் துளைத்த சிமெண்ட் தூசியின் வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. லைன் போட வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, “ஆயிரம் எம்பிங்க மேடம். ஒரு ஜிபி ஃபைல் ஒரே செகண்டுல எறங்கிரும்” என்றார்.

“எட்டு செகண்டுங்க” என்றேன். உடனே உனக்குச் சொல்லப் போனை எடுத்துவிட்டேன். உன் பெயரைத் தேடும்போதுதான் நீ இல்லை என்பது நினைவு வந்தது. அப்போதிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எழுதினாலாவது அடங்குகிறதா பார்க்கிறேன்.

இந்த ஆஸ்பத்திரியில் நீ லைன்களைப் பார்த்தாய், நான் டிஸ்க்குகளைப் பார்த்தேன். சேர்ந்த புதிதில் வந்த சண்டையெல்லாம் அதனால்தான். லைன்காரர்கள் பேசுவது பிட் கணக்கு, எங்களுடையது பைட் கணக்கு; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். “நூறுன்னு சொன்னே, பன்னெண்டுதான் வருது” என்று வந்து நிற்பேன். “நூறுதான் கண்ணு வருது. எட்டால வகுத்துப் பாரு” என்பாய். உடனே என் பக்கம் திருப்புவாய்: “உன்ற டிஸ்க் கேபிள்ல ஆறு கிகாபிட்னு போட்டிருக்குது. அதையும் எட்டால வகுத்துக் காட்டு.” அதைப் பத்தால் வகுக்க வேண்டும், எட்டு பிட் போனால் கூடவே இரண்டு பிட் ஒட்டிக்கொண்டு போகும் என்று நான் விளக்கத் தொடங்குவேன். “அப்ப நீயும் எழுதிப்போட்டதைக் குடுக்கறதில்ல” என்று சிரிப்பாய்.

ரோடு தோண்டியவர்கள் நம் மெயின் கேபிளை வெட்டிப்போட்ட மத்தியானத்தை எத்தனை முறை நினைத்திருப்பேன். சூலூரில் தறி ஓட்டுகிறவர், வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடி. ஸ்கேன் எடுத்தாயிற்று. அதைப் பார்க்க வேண்டிய மூளை டாக்டர் சென்னையில் இருந்தார். அரை மணி நேரத்தில் வேறொரு ஆபரேஷனுக்குள் போகிறார். இங்கேயே தலையைத் திறப்பதா, வேண்டாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஸ்கேன் ஒன்றரை ஜிபி. மிச்சமிருந்தது பத்து மெகாபிட் லைன் ஒன்று. நம் மேனேஜர் ஆயிரத்து ஐந்நூறு எம்பியைப் பத்தால் வகுத்துவிட்டு, “ரெண்டு மூணு நிமிஷத்துல போயிருமுங்க” என்று அடிபட்டவரின் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

நீ நேரே அந்த அம்மாவிடம் போனாய். கணவரின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இல்லீங்க்கா. இந்த லைன்ல இருபது நிமிஷம் ஆகும். ஆஸ்பத்திரி மொத்தமும் இப்ப இதுலதான் ஓடுது, நாப்பதுகூட ஆகுமுங்க. வேற வழி பாக்கறோம்.”

“அதுக்குள்ள டாக்டர் போயிருவாருங்களா?”

“அதுக்கு முன்னால சேக்கத்தான் பாக்கறோமுங்க.”

உள்ளே வந்து என்னைக் கேட்டாய்: “பென் டிரைவுல ஏத்த எத்தன நேரம்?”

“போர்ட்ல நானூத்தி எம்பது. வகுத்தா அறுவது. நெசத்துல அதுல பாதிதான் வரும். ஒரு நிமிஷம்.”

“நம்ம காந்திபுரம் கிளைல நூறு லைன் இருக்குது, ரெண்டு நிமிஷத்துல போயிரும். நடுவால ஸ்கூட்டர்ல பத்து நிமிஷம். ஏத்து.”

டியூட்டி டாக்டரிடம் அனுமதி வாங்கினோம். கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். “வாரேன்” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினாய். நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. நடுவில் ஒரு முறை கூப்பிட்டு, “சிக்னல்ல நிக்கறேன், திட்டாதே” என்றாய். அப்புறம், “போயிருச்சு. அவரு தொறந்து பாத்துட்டு இருக்காரு.” சென்னை டாக்டர் உடனே இங்கேயே ஆபரேஷன் செய்யச் சொன்னார். அந்த மனிதர் பிழைத்தார். அடுத்த மாதம் தானே நடந்து வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் கேட்டேன், அந்த அம்மாவிடம் நாற்பது என்று எதற்குச் சொன்னாய், பயந்திருப்பார்களே என்று. “ரெண்டுன்னு நம்ப வெச்சா, மூணாவது நிமிஷத்துலருந்து அவங்க செத்துச் செத்துப் பொழைக்கணும்” என்றாய்.

பிறகு உன் முறை வந்தது. புற்றுநோய் டாக்டர் முன்னால் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு வருஷம் என்றார். “டாக்டர், அது அட்டைல எழுதியிருக்கற கணக்குங்களா, கைக்கு வர்ற கணக்குங்களா?” என்று கேட்டாய். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “பாதின்னு வெச்சுக்கங்கம்மா” என்றார்.

நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். உன்மேல்தான் கோபம். ஒரு வருஷம் என்றே இருந்திருக்கலாமே. நீ பின்னாலேயே வந்து, “ஏங்கண்ணு எந்திரிச்சு வந்துட்டே? இப்பத்தான் எதை முன்னால செய்யறதுன்னு தெரியுது” என்றாய்.

அந்தப் பாதியும் முழுதாக வரவில்லை. வந்தவரைக்கும் உன் மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொடுமுடிக்குப் போய் ஆற்றில் இறங்கினாய். எட்டு வருஷமாகப் பேசாத அண்ணன் வீட்டுக்கு நீயாகவே போய், சாப்பிட்டுவிட்டு வந்தாய். ஒரு வருஷம் இருக்கிறது என்று நம்பியிருந்தால் அண்ணன் வீட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருப்பாய், எனக்குத் தெரியும்.

இன்று மத்தியானம் ஒரு பெரியவர் என் கதவருகே வந்தார். மனைவியின் போன வருஷத்து ஸ்கேனைப் பழைய டிஸ்கிலிருந்து எடுத்துத் தரவேண்டும். டாக்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கிறார். “சீக்கிரம் ஆயிருங்களா அம்மணி?” என்றார். ஆயிரும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“முக்கால் மணி நேரம் ஆகுமுங்க” என்றேன். அவர் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து, மகனைக் கூப்பிட்டு அம்மாவுக்கு இட்லி வாங்கிவரச் சொன்னார். எனக்குத்தான் உள்ளே போய் உட்கார முடியவில்லை. ஸ்கேனை நகலெடுக்கப் போட்டுவிட்டு, அது முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.