மேல் பாதி அவருக்கு, கீழ் பாதி எனக்கு

பிப்ரவரி 9
இன்றும் அவர் தோற்றார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர், கரும்பலகையோடு காலம் தள்ளிய என்னிடம் தோற்கிறார்! மகன் படிக்கிற காலத்தில் வாங்கிய பழைய வீடியோ கேம் பெட்டிதான். டிவித் திரையைக் குறுக்கே பிரித்து மேல் பாதியில் அவர் கார், கீழ் பாதியில் என் கார். ஓய்வுக்குப் பிறகு எங்கள் மாலை அதில்தான் போகிறது. முன்பெல்லாம் அவரே ஜெயிப்பார். இப்போது அடிக்கடி சுவரில் உரசுகிறார். பட்டன் கெட்டுவிட்டதாம். வழக்கமான புகார் வேறு: "டீச்சர், என் பக்கம் எட்டிப் பார்க்காத. காப்பியடிச்ச பிள்ளைங்களை எழுப்பி விட்டவதானே நீ?"
பார்க்காமல் எப்படி? திரை ஒன்றுதானே.

பிப்ரவரி 15
மகன் வந்திருந்தான். அப்பாவுக்குப் புதுப் பெட்டி, புதுக் கார் ஆட்டம். நானும் ஆசையாக இன்னொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் மெனு முழுக்கத் தேடினான். திரையைப் பிரிக்கிற வசதியே அதில் இல்லை. வாங்குமுன் பார்க்கவில்லையாம், இருக்கும் என்றே நினைத்துவிட்டான். இருவர் ஆட இரண்டு பெட்டி, இரண்டு டிவி, நடுவில் இன்டர்நெட். இப்போது வரும் ஆட்டங்கள் பலவும் அப்படித்தானாம். "ஒரே சோபாவுல உக்காந்து யாரும்மா இப்ப ஆடுறாங்க?"
ஏன் என்று கேட்டேன். காட்சிகள் அவ்வளவு நுணுக்கம். ஒரே சாலையை இரண்டு தடவை வரைய பெட்டி திணறுமாம். புரிந்தது. என் முதல் பள்ளியில் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே அறை. பலகை நடுவே கோடு போட்டு இரண்டு பாடம் நடத்துவேன். மாலையில் தொண்டை போய்விடும். ஆனால் மூன்றாம் வகுப்பில் எந்தப் பிள்ளை திணறுகிறது என்று நாலாம் வகுப்பே எனக்குச் சொல்லிவிடும்.
அவர் வருத்தப்படுவார் என்று பார்த்தேன். "நல்லதாப் போச்சு. நான் ரூமு டிவியில ஆடிக்கிறேன்" என்றார். சட்டென்று சொல்லிவிட்டார். ஏதோ போல் இருந்தது.

பிப்ரவரி 20
ஹாலில் பழைய பெட்டி, முழுத் திரையும் எனக்கே. பிடிக்கவில்லை.

பிப்ரவரி 26
அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆடுகிறார். யார் ஜெயித்தது என்றால் "நான்தான்" என்கிறார், முகத்தைப் பார்க்காமல்.
வேனின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. யாரோ ஒழுங்கில்லாமல் வண்டியை நிறுத்தியிருந்தார்களாம். தினமும் அவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற வேன். இத்தனை வருஷத்தில் அதில் ஒரு கீறல் கிடையாது. சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். அதுவும் இடப்பக்கம்.

மார்ச் 3
பழைய ஆட்டத்தில் அவர் உரசியதெல்லாம் எந்தச் சுவர்? நினைத்துப் பார்க்கிறேன். எல்லாமே இடதா? அப்போது சிரித்துக்கொண்டு முந்திப் போனேனே தவிர, கவனிக்கவில்லை.
பலகையில் இருப்பதைப் பாதி விட்டு எழுதும் பிள்ளையை முதலில் முன் பெஞ்சுக்கு மாற்றுவேன். பிறகுதான் காரணம் கேட்பேன். இவரை எங்கே மாற்றுவது?

மார்ச் 4
ஹாலில் என்னோடு ஒரே ஒரு ஆட்டம் என்று பிடிவாதம் பிடித்தேன். பழசு, போர் என்றார். விடவில்லை.
என் காரை ஓரம் கட்டிவிட்டு மேல் பாதியை மட்டும் பார்த்தேன். இடப்பக்கத் தெருவிலிருந்து ஒரு மஞ்சள் லாரி மெதுவாக வருகிறது. கண்ணுக்கு எதிரே. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நேராகப் போய் மோதினார். "இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார். அடுத்த சுற்றிலும் அதே லாரி, அதே கேள்வி.
கதவைச் சாத்திக்கொண்டது இதற்குத்தானா? என் கண்ணிலிருந்து தப்பிக்கவா?
நாளைக் காலை வேன் போகவேண்டும். பின்சீட்டில் பிள்ளைகள்.

மார்ச் 5
விடிந்ததும் வேன் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து இன்று வேன் வராது என்றேன். ஒரு அம்மா கடிந்துகொண்டாள், கடைசி நேரத்தில் சொன்னால் எப்படி என்று. கேட்டுக்கொண்டேன்.
அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சாவி எங்கே என்றார். எதிரே போய் நின்று வலது கையை நீட்டி, சாவியை அவர் இடப்பக்கம், தோள் உயரத்தில் பிடித்தேன்.
"என் முகத்தைப் பாருங்க. பார்த்துக்கிட்டே சொல்லுங்க, சாவி எங்க இருக்கு?"
"விளையாடாத. நேரமாச்சு."
"சொல்லுங்க."
"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே எடுத்து வச்ச?"
சாவியை ஆட்டினேன். சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார். அப்புறம்தான் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.
ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போகும் வழியில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "மூக்குக் கண்ணாடியை மாத்தினா சரியாயிடும்னு நினைச்சேன். வேனையும் விட்டுட்டா நான் என்னடி பண்ணுவேன்?"
பிள்ளைகளை நினைத்தால் கோபம் வந்தது. அவர் கழுத்தைப் பார்த்தால் அந்தக் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.
கண்ணில் கோளாறு இல்லையாம். ஸ்கேன் எடுத்தார்கள். மூளை ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு வந்து போயிருக்கிறது. இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. இனி அடைப்பு வராமலிருக்க மாத்திரை. போனது திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். வண்டியைத் தொடக்கூடாது.

மார்ச் 11
வேனுக்கு வேறு டிரைவர் வந்தாயிற்று. ஹாரன் கேட்டதும் இவர் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். என்னோடு பேச்சில்லை.

மார்ச் 22
மாலையில் கடைக்குப் போய்விட்டு வந்தால், ஹாலில் பழைய பெட்டியின் ஒயரை மாட்டிக்கொண்டிருக்கிறார். கன்ட்ரோலரை என் பக்கம் தள்ளினார். மேல் பாதி அவருக்கு, கீழ் பாதி எனக்கு.
முதல் வளைவு வருவதற்குள் சொன்னார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்: "டீச்சர், என் பக்கம் பாரு. லெஃப்டுல என்ன வருதுன்னு சொல்லிக்கிட்டே வா."
சுவர் என்றேன். லாரி என்றேன். பாலம், ஒதுங்குங்க என்றேன். ஒதுங்கினார்.
இன்று அவர் ஜெயித்தார். என் கார் எந்த வளைவில் நின்றது என்று நான் பார்க்கவே இல்லை.