மார்பில் கோடு போட்ட குருவி

லிங்கராஜபுரம், பெங்களூரு
ஜனவரி, ஞாயிறு மாலை

என் அன்பு மகன் லாயிடுக்கு,

மம்மி ஆசையோடு எழுதுவது. நானும் டாடியும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகள் ஷெரினும் அந்தப் பனிக்குள் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க தினமும் ஜெபமாலையில் நினைக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். அதோடு இதை நானே, யார் உதவியும் இல்லாமல், கோடு போடாத தாளில் எழுதுகிறேன். எழுத்து எங்கேயாவது கோணியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

இங்கே இந்த வருடம் நல்ல குளிர். டாடி பூசைக்குப் போகும்போது மங்கி கேப் போட்டுக்கொண்டு போகிறார், சுகர் கட்டுக்குள் இருக்கிறது, கிறிஸ்துமஸ் கேக்கைத் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டும் ஏறவில்லை. என் விஷயத்துக்கு வருகிறேன். இடது கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம் வற்ற நாளாகிவிட்டது உனக்குத் தெரியும். எல்லாம் புகைக்குள் இருக்கிற மாதிரி இருந்தது, பின்வாசல் படி தெரியாமல் ஒரு நாள் கால் இடறினேன். அதிலிருந்து வீட்டில் நான் எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும் டாடி ஒருதரம் வந்து சரிபார்த்துவிட்டுப் போவார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமி தேடிய கண், வாங்கி வந்தது கொத்தமல்லியா புதினாவா என்று பார்க்கிறதற்கு ஒருவர் வர வேண்டியதாகிவிட்டது. வலது கண்ணுக்கு ஆபரேஷனே வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததும் அந்தப் பயத்தில்தான்.

பின்பக்கம் கொய்யா மரத்தில் பழைய இட்லித் தட்டைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, குழிகளில் தினையும் சூரியகாந்தி விதையும் போட்டு வைக்கிறேன் இல்லையா, அதற்குச் சில்லைக் குருவிகள் கூட்டமாக வரும், சிட்டுக்குருவி ஒரு ஜோடி வரும். கிறிஸ்துமஸ் குடில் வைத்த வாரம் ஒரு காலையில் புதிதாக ஒன்று தனியாக வந்து உட்கார்ந்தது. சிட்டுக்குருவி அளவுதான், மண் நிறம்தான், ஆனால் ஏதோ சரியில்லை என்று பார்த்ததுமே பட்டது. டாடியைக் கூப்பிட்டேன். அவர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பொட்டைச் சிட்டுக்குருவிதான் செலின். கண்ணுக்கு ரெஸ்ட் குடும்மா” என்றார். அன்று ராத்திரி வீடியோ காலில் நீயும் அதையே சொன்னாய், சொல்லிவிட்டு அதோடு சேர்த்து இந்த வீட்டை விற்றுவிட்டு லிஃப்ட் வைத்த ஃப்ளாட்டுக்குப் போங்கள் என்றும் சொன்னாய். ஒரு குருவியிலிருந்து வீடு வரைக்கும் வந்துவிட்டாயே என்று எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது, நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

டாடியோடு ஆபீஸில் வேலை பார்த்த சிவசங்கரன் இப்போது ஏரி ஏரியாகப் போய்ப் பறவை பார்க்கிறார் இல்லையா, அவருக்கு போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். கொசுவலை வழியாக எடுத்தது, மங்கலாக இருந்தது. அவரும் சிட்டுக்குருவிதான் என்று பதில் போட்டார். மூன்று பேரும் ஒரே வார்த்தை சொன்ன பிறகு நானும் ஒப்புக்கொண்டு போயிருக்க வேண்டியதுதான். அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது லாயிட், மனசு அவ்வளவு சோர்ந்துபோயிருந்தது.

மறுநாள் சமையலறை ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். புரை இருக்கிற வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்தேன், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து மைக்ராஸ்கோப்புக்கு ஒரு கண்தானே. என் அதிர்ஷ்டம், சிட்டுக்குருவிப் பெட்டையும் அதுவும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. லேபில் சந்தேகமான ஸ்லைடையும் தெரிந்த ஸ்லைடையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம், அந்த மாதிரி. சிட்டுக்குருவிக்கு மார்பு சுத்தமாக இருந்தது, இதற்கு மார்பெல்லாம் பேனா நுனியால் இழுத்த மாதிரி கோடு கோடாக இருந்தது. சிட்டுக்குருவிக்குக் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம் இருந்தது, இதற்குப் புருவமே இல்லை, மூஞ்சியில் மிளகு பதித்த மாதிரி கறுப்புக் கண் மட்டும். அலகு தடிமன், வால் நுனி நடுவில் வெட்டு. அத்தனையும் புகையில்லாமல் பளிச்சென்று தெரிந்தது, கண் எப்போது தெளிந்தது என்றுகூட நான் கவனிக்கவில்லை!

மத்தியானம் முழுக்க போனில் பறவைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், டாடிக்குச் சாப்பாடு லேட். இது இல்லை, இது இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் பிடித்துவிட்டேன். ரோஸ்ஃபிஞ்ச். அதன் பெட்டை. இமயமலைப் பக்கமும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டு குளிருக்கு நம் பக்கம் இறங்கி வருகிறதாம். சிவசங்கரனுக்கு எல்லா அடையாளத்தையும் பேசி அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டு, “அக்கா, நந்தி மலை மேல நாங்க பாத்திருக்கோம். எனக்குத் தெரிஞ்சு லிங்கராஜபுரத்துல யாரும் பாத்ததில்ல. ஆனா மார்ல கோடு இருந்துச்சுன்னா நான் சொன்னது தப்பு” என்றார். நான் “இருந்துச்சு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வந்தார். வந்த நேரத்துக்குப் பறவையைக் காணோம். காபி ஆயிற்று, கேக் ஆயிற்று, பக்கத்து வீட்டு தனக்கோடி மாடியிலிருந்து, தீனி போட்டுத் தெருவுக்கே எலி வர வைக்கிறீர்கள் என்று வழக்கமான பாட்டைப் பாடி முடித்தாள். டாடி சிவசங்கரனிடம் மெதுவாக, “அவ மனசு கஷ்டப்படாத மாதிரி சொல்லுப்பா” என்றது எனக்குக் கேட்டது. காது எனக்கு எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. நான் திரும்பவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. சிவசங்கரன் கேமராவைத் தூக்கினார், படபடவென்று எடுத்தார், படத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, “அக்கா, ரோஸ்ஃபிஞ்சேதான்! எப்பிடி அக்கா வெறுங்கண்ணுல புடிச்சீங்க?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் டாடி கத்தினார் பாரு, “ஏய், அங்க பாரு, செவப்பா!” என்று. கொய்யாக் கிளையில் ஆண் பறவை. தலையும் மார்பும் பழுத்த மாதுளை முத்து நிறம். அதற்கு யாருடைய சாட்சியும் தேவைப்படவில்லை, தனக்கோடிகூட மாடியிலிருந்து, “அய்யோ எவ்ளோ அழகு, எங்க வீட்டுப் பக்கம் திருப்பி விடுங்கக்கா” என்றாள்!

அடுத்த சனிக்கிழமை சிவசங்கரனோடு பறவை பார்க்கிற குழுவே வந்துவிட்டது, பெரிய பெரிய லென்ஸோடு ஆறேழு பேர் நம் துணி துவைக்கிற கல்லைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றார்கள், ஒரு கன்னடத்துப் பெண் “சூப்பர் ஆன்ட்டி நீவு” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எல்லோருக்கும் தனக்கோடி வீட்டிலிருந்து போண்டா வந்தது. அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்துக்குக் கீழே, முதலில் அடையாளம் கண்டவர் செலஸ்டினா ரெமிஜியஸ் என்று என் முழுப் பெயரையும் எழுதினார்கள். டாடி அதை எத்தனை பேருக்கு அனுப்பினார் என்று கணக்கில்லை, கோயிலில் பங்குச் சாமியார் வரைக்கும் காட்டிவிட்டார். எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, “உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு செலின். நான்தான் சரியா பாக்கல” என்றார். நாற்பது வருஷ குடும்பத்தில் இவர் இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை, சோப்புக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

திங்கட்கிழமையே நானாகப் போய் வலது கண்ணுக்கும் தேதி வாங்கிவிட்டேன். தவக்காலம் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். பயம் இல்லை. டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னபோது கடைசி வரியையும் வாசித்துவிட்டு அதற்குக் கீழே அச்சகத்தின் பெயரையும் வாசித்தேன், அவர் சிரித்துவிட்டார்.

இரண்டு பறவையின் படத்தையும் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், கோடுகளை நீயே பார்த்துக்கொள். வீட்டை விற்கிற பேச்சு இனிமேல் வேண்டாம் கண்ணா, பின்வாசல் படிக்கு டாடி கைப்பிடி போட்டுவிட்டார், அது போதும். ஷெரின் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகச் சொல், நீ வைட்டமின் மாத்திரையை மறக்காதே, காரைப் பனியில் வேகமாக ஓட்டாதே. ஆரோக்கிய மாதா உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அடுத்த டிசம்பருக்கு இப்போதே டிக்கெட் போடு, வரும்போது நல்லதாக ஒரு பைனாகுலர் வாங்கி வா. டாடிக்குத் தனியாக ஒன்று வாங்கு, என்னுடையதை நான் யாருக்கும் தருவதாக இல்லை.

இப்படிக்கு,
முத்தங்களோடு உன் மம்மி,
செலஸ்டினா ரெமிஜியஸ்