மக்கிய சட்டத்துக்குப் போட்ட கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். கூரை வேலை முடிந்தது. உன்னைக் கேட்காமல் எதற்கும் தலையாட்டக் கூடாது என்று போனில் சொல்லியிருந்தாய், கேட்காமல்தான் ஒன்றுக்குச் சம்மதித்தேன், அதை நானே சொல்லிவிடுகிறேன்.

ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்றுவது மட்டும்தானே பேச்சு. நாங்கள் படுக்கும் அறைக்கு மேலே ஓட்டைப் பிரித்ததும் மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அடியில மரச்சட்டம் மக்கிப் போயிருக்கும்மா, அது மேலயே ஓடு வெச்சா நான் பொறுப்பில்ல, மாத்தணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க என்றார். உன் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம், பிரிச்சுப் போட்டுட்டு விலையை ஏத்துறியா என்று கத்தினார். மேஸ்திரி போனில் எடுத்த படத்தைக் காட்டினால், இது எந்த வீட்டுக் கூரையோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வானம் வேறு கறுத்துக்கொண்டு வருகிறது, அறை திறந்து கிடக்கிறது, நீயோ போனை எடுக்கவில்லை. முட்டி வலியைப் பார்த்தால் ஆகாது என்று நானே ஏணியில் ஏறிவிட்டேன். மேஸ்திரி கொடுத்த திருப்புளியால் சட்டத்தைக் குத்தினால், நனைந்த ரொட்டியில் குத்தியதுபோல் பிடிவரை உள்ளே போய்விட்டது. உன் அப்பாவின் தலைமாட்டுக்கு நேர் மேலே அது. கூரை ஓரத்துப் பலகையையும் மாற்ற வேண்டும் என்றார் மேஸ்திரி, அதையும் குத்திப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது, இது நல்லாத்தானே இருக்கு என்றேன். அவரும் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்து, சரிம்மா, விட்டுடலாம் என்றார். இறங்கி வந்து எந்தச் சட்டம், எவ்வளவு கூலி, இதற்கு மேல் எதுவும் கிடையாது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். படங்களை உனக்கும் அனுப்பியிருக்கிறேன், பார்.

உன் அப்பா கோபம் ஆறாமல் தள்ளியே உட்கார்ந்திருந்தார். பழைய சட்டத்தை இறக்கும்போது அது வாசலிலேயே இரண்டாக முறிந்து விழுந்தது. போய் ஒரு துண்டை எடுத்தார், கையிலேயே பொடிப் பொடியாக உதிர்ந்தது. பிறகு உள்ளே வந்து, எல்லோருக்கும் தானே டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்துச் சட்டத்தையும் குத்திப் பாத்தீங்களா என்று மேஸ்திரியைக் கேட்கிறார்! மறுநாள் மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அன்று ராத்திரி உன் அப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். நான்தான் கண்ணை மூடாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், இத்தனை நாள் அந்த மக்கிய சட்டத்தின் அடியில்தானே படுத்திருந்தோம்.

நீ எதுவும் அனுப்ப வேண்டாம், என் கையிலிருந்ததே போதுமானதாக இருந்தது. பல்வலியை மாத்திரை போட்டே ஓட்டிக்கொண்டிருக்காதே, இந்த வாரமே டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டு. குழந்தைக்கு என் முத்தம். எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

உன் அம்மா