அவர் பங்குக் கீரை

யோனெசாவா
ஜனவரி 14, 1967

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் நலம் என்று இன்று மாலையே தெரிந்துகொண்டேன். ஆனாலும் அதை உங்கள் கையெழுத்தில் பார்க்க ஆசை.

பனி ஜன்னல் உயரம் ஏறிவிட்டது. டோக்கியோ வேலைக்குப் போகுமுன் நீங்கள் நட்டுவைத்த மூங்கில் கழிகளை வைத்துத்தான் கொல்லைப் பாத்தியைக் கண்டுபிடித்தேன். தோண்டிப் பார்த்தால் பனிக்கீரையின் வெளி இலைகள் அழுகி, நடுவில் சாண் நீளத்துக்கு வெள்ளைத் தண்டு. இருட்டில் தன் இலையையே தின்று வளரும் கீரை என்பீர்களே, அதேதான். கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, பனியில் ஆற்றி, உப்பிட்டு மூடிவைத்தேன். மூன்றாம் நாள் காரம் மூக்கில் ஏறியது.

ஊரை விட்டு வேலைக்குப் போனவருக்கு வைக்கும் தட்டை உங்கள் இடத்தில் தினமும் வைக்கிறேன். இன்று சூப் கிண்ணத்தைத் திறந்தால் மூடியின் உட்புறமெல்லாம் நீர்த்துளி. துளி இருந்தால் போனவர் சுகம் அல்லவா? ஆனால் கீரைக் கிண்ணம் காலி. கீழ்வீட்டு ஹருவே அக்கா, "பூனை தின்னிருக்கும்டி" என்றாள். "பூனை ஊறுகாய் திங்குமாக்கா?" என்றேன். பேச்சை மாற்றிவிட்டாள்.

ஏப்ரலில் பனி கரைந்ததும் வந்துவிடுங்கள்.

உங்கள்
தொயோ

டோக்கியோ
ஜனவரி 22

அன்புள்ள தொயோவுக்கு,

நலம். நீ எழுதிய அதே பதினான்காம் தேதி மாலை, விடுதியில் சாப்பாட்டுக் குச்சியை எடுக்குமுன்னே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. மூக்கில் காரம் ஏறிக் கண்ணீர் கொட்டியது. மேஸ்திரி, "என்னய்யா எய்கிச்சி, பொண்டாட்டி நெனப்பா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் நிறுத்தாதே. இங்குள்ள சோற்றை வாயில் வைக்க முடியவில்லை.

எய்கிச்சி

யோனெசாவா
பிப்ரவரி 19

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கிண்ணம் தினமும் காலியாகிறது. எனக்குப் பயம் போய், பரிமாறுகிற சந்தோஷம் வந்துவிட்டது. எதிரே நீங்கள் இருப்பதாகவே நினைத்து நானும் சாப்பிடுகிறேன்.

நேற்று உங்கள் கீரைக் கிண்ணத்தின் விளிம்பில் சிவப்பாக ஓர் உதட்டுத் தடம். நான் உதட்டுச் சாயம் பூசியது கல்யாணத்தன்று மட்டும்தான். தேய்த்துக் கழுவினேன். இன்று மறுபடியும் இருக்கிறது.

யார் என்று கேட்கப் போவதில்லை. ஏப்ரலில் வருவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

தொயோ

டோக்கியோ
பிப்ரவரி 28

தொயோவுக்கு,

இனிமேல் பொய் சொல்லிப் பயனில்லை. விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் மிட்சுயே. டிசம்பரிலிருந்து ஒரே அறையில் இருக்கிறோம். அவளுக்கும் அந்தக் காரம் ஏறுகிறதாம். "உங்க வீட்டம்மா கைப்பக்குவமே தனி" என்கிறாள்.

ஏப்ரலில் நான் வரவில்லை. இனித் தட்டு வைக்க வேண்டாம். மன்னித்துவிடு.

எய்கிச்சி

டோக்கியோ
மார்ச் 21

தொயோ,

நிறுத்திவிட்டாய். நான்தான் நிறுத்தச் சொன்னேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இரண்டு நாளாகத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்க மறுக்கிறது. கைகால் அந்தக் கீரைத்தண்டு மாதிரி வெளுத்துவிட்டன. மிட்சுயே பயந்துபோய் வேறு அறைக்கு மாறிவிட்டாள்.

ஒரே ஒரு வேளை, ஒரு பிடி கீரை வை.

எய்கிச்சி

யோனெசாவா
ஏப்ரல் 2

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே கடைசிப் பாத்தியைத் தோண்டினேன். கோபம் இருந்தது. பட்டினி போட மனம் வரவில்லை. ஆனால் காரம் ஏற மூன்று நாள் ஆகும் அல்லவா? காரமில்லாமல் உங்களுக்கு வைத்துப் பழக்கமில்லை என்று மூன்று நாளும் காத்திருந்தேன். பச்சையாகவே வைத்திருக்க வேண்டும். அது இப்போது உறைக்கிறது.

நான்காம் நாள் சோறு, கீரை, கொதிக்கக் கொதிக்க சூப் எல்லாம் உங்கள் இடத்தில் வைத்து மூடினேன். திறந்தபோது மூடியின் உட்புறம் உலர்ந்திருந்தது. கீரை அப்படியே இருந்தது. ஐந்து மாலை வைத்துப் பார்த்தேன். ஐந்து மாலையும் அப்படித்தான்.

நேற்று உட்கார்ந்து அழுதேன். பிறகு தட்டை என் பக்கம் திருப்பி, அதே சூப்பைச் சுடவைத்து, அதே கிண்ணத்தில் ஊற்றி மூடினேன். சற்றுப் பொறுத்துத் திறந்தேன். உட்புறமெல்லாம் நீர்த்துளி.

இங்கே நான் நலம்.

தொயோ