வேப்பிலையும் ஒரு நிமிடமும்

அன்பான பிலோமினா அக்கா,

பக்கத்து வீட்டு மலரின் மகள் பிழைத்துவிட்டாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் படலையில் நின்றே அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில் மலர் வேப்பிலை கேட்டு வந்தாள். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சின்னமுத்து அம்மை; உடம்பெல்லாம் சிவப்பாகப் போட்டிருந்தது. ஒரு கொப்பை முறித்துக் கொடுத்தேன். வேப்பிலை கட்டினால் அது அம்மாள் வந்த வீடு. நோய் இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை யாரும் உள்ளே போவதில்லை, வெளியே வருவதுமில்லை. முப்பது வருடம் சுகாதாரம் படிப்பித்த நானும் எட்டிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் வேலிக்கு மேலால் விசாரித்தேன்.

"சிவப்பு மங்கிப்போச்சு டீச்சர். ஆனால் திரும்பக் காய்ச்சல் காயுது. தண்ணியும் குடிக்கிறாளில்லை."

மருத்துவமாதாகச் சைக்கிளில் ஊரெல்லாம் திரிந்து நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. "மூக்கு ஓடுதெண்டு ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை டீச்சர். விளையாடுற பிள்ளையை வீட்டிலை வைச்சுப் பாக்கலாம். குடிக்காத பிள்ளை, மூச்சு இளைக்கிற பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை, எழுப்ப எழும்பாத பிள்ளை, அதுகளுக்கு நாள் பாக்கேலாது."

பொருளாதாரத் தடையால் பற்றறி கிடைக்காத இந்த நாட்களில் நீங்கள் விட்டுப்போன சாவி கொடுக்கிற மணிக்கூடுதான் எனக்குத் துணை. அதை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளையின் சட்டையை உயர்த்தி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். அந்த வயதில் நாற்பதுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பீர்கள். ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு இழுப்புக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ."

"தண்ணி வாக்காமல் எப்பிடி டீச்சர்? தனிய விட்டிட்டுப் போனால் அம்மாள் கோவிப்பா."

என் மகனுக்கு வந்தபோது இதையேதான் நான் உங்களிடம் சொன்னேன். "அம்மாள் வீட்டிலை இருக்கட்டும். நான் பிள்ளையைத்தானே கேக்கிறன்" என்றீர்கள். அதே சொல்லை மலருக்குச் சொன்னேன். அவள் என்னைப்போல அடங்கிப் போகவில்லை.

"அப்ப விளக்கு ஆர் வைக்கிறது? இளநீர் ஆர் வைக்கிறது?"

"நான் வைக்கிறன். நீ வெளிக்கிடு."

தகப்பன் சைக்கிளை உழக்க, மலர் பிள்ளையை அணைத்தபடி பின்னால் உட்கார்ந்து போனாள். நான் அந்த வீட்டில் விளக்கேற்றிவிட்டு இருந்தேன். பிந்திவிட்டோமோ? முதல் நாளே நான் போய்ப் பார்த்திருக்கக் கூடாதா?

சளி நெஞ்சுக்குள் இறங்கியிருந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றாராம் டொக்டர். ஆறு நாள் கழித்து ஒழுங்கையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. அடித்தது பிள்ளைதான்.

"அம்மாள் கோவிச்சவாவோ டீச்சர்?" என்றாள் மலர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"உன்ரை குசினி கிடக்கிற கிடையைப் பாத்துத்தான் கோவிச்சவா."

நேற்றுத் தண்ணீர் வார்த்தார்கள். வீட்டுக்கு வந்து இருந்தபோதுதான் ஒன்று உறைத்தது, அக்கா. அன்று என் மகனைத் தூக்கிக்கொண்டு நானும் அவரும் போனோம். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கழுத்தில் செபமாலையோடு நீங்கள் வாசலில் நின்றீர்கள். எண்ணெய் விட்டது யார் என்று நான் கேட்கவேயில்லையே?

இனி வேப்பிலை கேட்டு வருபவர்களுக்குக் கொப்பை மட்டும் முறித்துக் கொடுத்துவிட்டு நிற்கமாட்டேன். உங்கள் மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன்.

உங்கள் கூடப்பிறவாத் தங்கை,
பூமணி டீச்சர்
உருத்திரபுரம்