நாங்க என்ன ஆயாவா?

அக். 15, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ரோடு முழுக்கக் குறுவை நெல், மேலே தார்ப்பாய். பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டே.

தஞ்சாவூரில் ஆர்ப்பாட்டம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே கோரிக்கைதான். கிராம சுகாதார செவிலியர்கள் நாங்களும் பிரசவம் பார்க்கப் படித்தவர்கள். தர ஊதியம் மட்டும் ஏன் ஸ்டாஃப் நர்சுக்குக் கீழே? சங்கத் தலைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது, மைக்கை என்னிடம் நீட்டிவிட்டார். எழுதிக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. கோபம்தான் வந்தது. "கீழ் கிரேடுலயே வச்சிருக்கீங்களே, நாங்க என்ன ஆயாவா?"

ஒரே கைதட்டல். விசில்கூட. இறங்கியதும் பாபநாசம் சிஸ்டர் கட்டிப்பிடித்து, "பின்னிட்டீங்கக்கா!"

சந்தோஷம்தான், மறைப்பானேன். வலங்கைமான் வரும்வரை பஸ்ஸில் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வாங்க வேண்டியது: ரவை, குடைக்குக் கம்பி, இவருக்கு இருமல் மருந்து.

16, புதன்

மழை இல்லை. தடுப்பூசி நாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். வீடியோ எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது. கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள்.

மல்லிகா வந்து, "மேடம், பஞ்சு" என்றாள்.

மேடமா? இத்தனை நாளும் அக்காதான். மல்லிகா எங்கள் சுகாதார நிலையத்து ஆயா. வாய் ஓயாதவள். அவள் பேச்சுக்கு வலியில் கிடப்பவளே சிரித்துவிடுவாள். இன்று பேசியது அந்த ஒன்றுதான். சாயந்திரம் வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. வீடியோவைப் பார்த்திருக்கிறாள்.

அப்போதும் முதலில் எனக்கு எரிச்சல்தான். பொதுவாகச் சொன்னதை இவள் ஏன் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள்? ஆனால் எங்களுக்கு இருப்பதே ஒரு ஆயா. வேறு யார் தலையில் போய் விழும்?

இருமல் மருந்து மறந்துபோச்சு.

17, வியாழன்

காலையில் எழுந்ததும் இவரிடம் சொன்னேன். "ஒரு சாரி சொல்லிட்டு வாயேன், இதுல என்ன இருக்கு?" டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சொல்லத்தான் போனேன். பிரசவ மேஜையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மல்லிகா, அது வந்து... ஏதோ ஒரு வேகத்துல..."

"பார்த்தேன் மேடம். எம் பொண்ணுதான் காமிச்சா. அம்மா, உங்க அக்கா பேசுறாங்க பாருன்னு." நிமிரவே இல்லை. "மைக்ல உங்க குரல் நல்லாருக்கு."

யாரோ மாத்திரை கேட்டு வந்துவிட்டார்கள் என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். யாரும் வரவில்லை. நானாகத்தான், சாரி சொல்லாமலே, திரும்பி வந்தேன்.

வெட்கமாக இருக்கிறது. ஆயா என்றால் மட்டம் என்பது எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. இல்லாமலா மைக்கைக் கண்டதும் வந்தது? என் படிப்பைச் சொல்லிக் கேட்டிருக்கலாம், ராத்திரி பகல் பார்க்காமல் அலைவதைச் சொல்லியிருக்கலாம்.

19, சனி

விடாத மழை. வாய்க்கால் தண்ணீர் ரோட்டில். ஸ்டாஃப் நர்சால் வர முடியவில்லை. வலியோடு டிராக்டரில் வந்து இறங்கினாள் ஒரு பெண், தலைப்பிரசவம். நானும் மல்லிகாவும்தான். பயந்து காலை இறுக்கிக்கொண்டாள். மல்லிகா அவள் தோளை அணைத்துக்கொண்டு, "முக்கு கண்ணு, அவ்ளோதான், தலை தெரியுது." பழைய குரல். எனக்கும் அதைக் கேட்டுத்தான் வேலை ஓடியது. பெண் குழந்தை. நல்ல அழுகை.

வெளியே காத்திருந்த அவளுடைய அம்மா சர்க்கரைப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். "புள்ளையைக் கையில வாங்குன மகராசி யாரும்மா?"

"மேடம்தான்," என்றாள் மல்லிகா. "நான் ஆயா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் கையிலும் சர்க்கரை. தின்னவும் முடியாமல் போடவும் முடியாமல் நின்றேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம், அந்த அம்மா முன்னாலேயே. ரெண்டு பேரும்தான் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை.

21, திங்கள்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

தலைவியிடமிருந்து போன். அடுத்த வாரம் மறுபடி ஆர்ப்பாட்டமாம். "உங்க டயலாக்கைத்தான் பேனர்ல போடுறோம் சிஸ்டர். படம் அனுப்பிருக்கேன், பார்த்துட்டு ஓகே சொல்லுங்க. வேணாம்னா இப்பவே மாத்திடலாம்."

பார்த்தேன். சிவப்பில், பெரிய எழுத்தில், "நாங்க என்ன ஆயாவா". கீழே என் போட்டோ.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"கேள்விக்குறி விட்டுப்போச்சு," என்றேன். "போட்டுடச் சொல்லுங்க."